இன்னா வாறேன்: குமரியில் ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை

கோவையிலிருந்து ராத்திரி ரயில். பக்கத்து பெர்த்துக்காரர் விட்ட குறட்டையில் சரியாகத் தூங்காமல், விடிந்தும் விடியாமலும் நாகர்கோவிலில் இறங்கி நண்பனுக்குப் போன் போட்டேன். "இன்னா வந்துட்டேன் மக்கா, வெளிய நில்லு" என்றான். நான் கோவைக்காரன், வேலைக்காக நான்கு வருடம் சென்னையில் குப்பை கொட்டியவன். சென்னையில் இன்னா என்றால் என்ன. இங்கே இன்னா என்றால் இதோ, அன்னா என்றால் அதோ. இது எனக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்திருந்ததுதான் வினை. இதோ வந்துட்டேன் என்கிறானே, தெருமுனையில் இருப்பான் போல என்று பையைத் தோளில் இருந்து இறக்காமலே நின்றேன். நாற்பத்தைந்து நிமிடம். நடுவில் இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் அதே இன்னாதான். கால் வலித்து, ஸ்டேஷன் வாசல் கடையில் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன். இந்தக் காப்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு தக்கலைப் பக்கம். வில்லுக்குறி தாண்டும்போதே இரண்டு பக்கமும் தென்னையும் வாழையும் ரப்பருமாகப் பச்சை கண்ணை நிறைத்துவிட்டது, எங்கள் ஊர்ப் பக்கம் இந்தப் பச்சையைப் பார்க்க ஆனைமலை ஏற வேண்டும். வீட்டு வாசலில் நண்பனின் அம்மா. "வாங்க தம்பி, காப்பி குடிச்சியளா?" என்றார். "குடிச்சுட்டேனுங்கம்மா" என்றேன். "சரி, அப்போ செத்த நேரம் ஒறங்குங்க" என்று அறையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அடுப்படியிலிருந்து புட்டு வேகும் வாசனை வந்துகொண்டே இருந்தது. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. பத்து மணிக்கு வயிறு போட்ட சத்தம் கூடத்தில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

காப்பாற்றியவர் நண்பனின் அக்கா. நர்ஸ், இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். "தம்பி காப்பி குடிக்கலியா?" என்று அவரும் கேட்க, நான் ஸ்டேஷன் வாசல் காப்பியைப் பற்றிச் சொல்ல, அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இங்கே காலையில் காப்பி என்றால் காலைச் சாப்பாடு. காப்பிக்குப் புட்டும் பயறும் பப்படமும் என்பார்கள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன்! அம்மாவுக்கு ஒரே சங்கடம், "வந்த பிள்ளையப் பட்டினி போட்டுட்டேனே" என்று மூன்று நாளைக்குள்ள புட்டை ஒரே தட்டில் வைத்தார், கூடவே மட்டிப்பழம் ஒரு சீப்பு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், விரல் நீளம், வாசனைக்காகவே சாப்பிடலாம்.

நான் சாப்பிடும்போது அக்கா தன் கதையைச் சொன்னார். ஷெஃபீல்டுக்குப் போன முதல் மாதம். வார்டில் கூட வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு 'டீ'க்கு வரச் சொல்லியிருக்கிறார். டீயும் பிஸ்கட்டும் தருவார்கள், அதுக்கு முன்னால் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்வோம் என்று அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நாலு மணிக்குச் சோறும் மீன் குழம்புமாக ஒரு பிடி பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே மேஜையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணி, பெரிய சாப்பாடு. இங்கிலாந்தின் வட பக்கத்தில் டீ என்றால் பலருக்கு அந்தி நேரத்துச் சாப்பாடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெயர் டின்னர். பள்ளிக்கூடத்தில் மதியம் சாப்பாடு பரிமாறும் பெண்களை அந்த நாடு முழுக்க டின்னர் லேடி என்றுதான் சொல்கிறார்கள். டின்னர் என்றால் ராத்திரிதான் என்று நான் வகுப்பில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பா என்று கேட்பீர்கள். என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர் சுற்ற வந்தவன் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறான் என்று தோன்றும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் கம்பெனியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவன். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் ஆங்கிலத்திலிருந்து ஊர் வாசனையைக் கழுவி எடுப்பதுதான் வேலை. அதற்கு 'நியூட்ரல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். 'சொல்லக் கூடாதவை' என்று என்னிடம் ஒரு ஸ்லைடே உண்டு, எல்லாம் நம் ஊர் ஆங்கிலம்: ப்ரீபோன், அவுட் ஆஃப் ஸ்டேஷன், கோ-பிரதர், டூ த நீட்ஃபுல்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு இன்னாவைப் பற்றி யோசித்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு வருடம் தென்னாப்பிரிக்க வாடிக்கையாளர்களுக்கான வேலை ஓடியது. அவர்கள் 'ஜஸ்ட் நௌ' செய்கிறேன் என்றால் உடனே என்று எங்கள் பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். அந்த ஊரில் ஜஸ்ட் நௌ என்றால் அப்புறம், எப்போதாவது. கொஞ்சம் சீக்கிரம் என்றால் 'நௌ நௌ'. வேல்ஸ்காரர்கள் 'நௌ இன் அ மினிட்' என்பார்கள், அது நௌவும் கிடையாது மினிட்டும் கிடையாது. நண்பனைக் கோபித்து என்ன செய்ய.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலையில் நண்பனின் அப்பா, "லேய் மக்கா, எந்திச்சியா? சாயா குடி" என்றார். எங்கள் பக்கம் பால்காரப் பையனையே "வாங்க தம்பி, சாப்டீங்களா" என்று கேட்டுப் பழகியவன் நான். நேற்று முழுக்க என்னைத் தம்பி, வாங்க போங்க என்றவர் இன்றைக்கு லேய் என்கிறாரே, ராத்திரி ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று ஒரு நொடி பயந்தேன். நண்பன் சொன்னான், "ஒன்ன வீட்டு ஆளா சேத்தாச்சுன்னு அர்த்தம்லே."

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் வழியில் இதே பேச்சு. ஷெஃபீல்டில் பஸ் ஓட்டுநர் ஆம்பிளை பொம்பிளை என்று பார்க்காமல் ஏறுகிறவரை எல்லாம் 'லவ்' என்று கூப்பிடுவாராம், இல்லாவிட்டால் 'டக்', அதாவது வாத்து. தாடி வைத்த தடித்த ஓட்டுநர் ஒருவர் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து, தேங்க்யூ லவ் என்று சொல்ல, மனுஷன் ஒரு வாரம் வேறு பஸ்ஸில் போயிருக்கிறார். நியூகாசிலில் 'பெட்'. கிளாஸ்கோவில் பெண்களுக்கு 'ஹென்', கோழி. பிரிஸ்டல் பக்கம் காய்கறிக்கடைக்காரர் 'மை லவ்வர்' என்றால் சண்டைக்குப் போகக் கூடாது, நம் மக்காவைப் போல அதுவும் எல்லாருக்கும் பொது.

இதில் எனக்குப் பிடித்தது 'தா' கதை. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. தௌ என்றால் நீ, யூ என்றால் நீங்கள். பொது ஆங்கிலம் நீயை விட்டுவிட்டு எல்லாரையும் நீங்கள் ஆக்கிவிட்டது. யார்க்ஷயர் ஆட்கள் சிலர் விடவில்லை, இன்றைக்கும் தா, தீ என்று பேசுகிறார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் அதை டா, டீ என்று உச்சரிப்பதால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்கு 'டீ-டா' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா சொன்னார், "வார்டுல ஒரு தாத்தா எனக்கிட்ட டான்னு பேசுனப்போ எனக்கு ஊர் ஞாபகம் வந்துட்டு தம்பி." அங்கேயும் பெரியவர்களை தா போட்டுப் பேசினால் கோபம் வரும், "என்னைத் தா போடாதே, உன்னையே தா போட்டுப் பார், எப்படி இருக்கும்" என்று திட்டும் ஒரு பழைய வசனமே யார்க்ஷயரில் உண்டு. நீ என்று சொன்னதற்காக அரிவாள் தூக்கிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது விளங்காமல் இருக்குமா.

அரண்மனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் தரையை மட்டும் சொல்கிறேன், கறுப்பாக, முகம் பார்க்கும் அளவுக்கு வழுவழு. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததன் மிச்சம். வாசலில் ஒரு பாட்டி சென்னைக் குடும்பத்திடம் "வெள்ளம் வேணுமா மக்ளே" என்று பாட்டிலை நீட்ட, அந்தப் பையன் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மேற்கே போகப் போகத் தண்ணீருக்கு வெள்ளம்தான்.

அங்கிருந்து உதயகிரிக் கோட்டை. உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா. மரங்களுக்கு நடுவில் கூரை போன ஒரு சின்னத் தேவாலயம், அதற்குள் டி லனாய் கல்லறை. 1741-இல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள், பிறகு அதே ராஜாவுக்குப் படை பழக்கிக் கொடுத்து, 1777-இல் இந்த மண்ணிலேயே செத்துப்போனார். ஊர்க்காரர்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்று கூப்பிட்டார்கள், கோட்டைக்கே டிலனாய்கோட்டை என்று பேர் வந்துவிட்டது. கல்லறையில் லத்தீனும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில். இருநூற்றெண்பது வருடத்துக்கு முன்னால் இந்த மனுஷன் முதல் நாள் இங்கே "இன்னா வாறேன்" என்று கேட்டுவிட்டு எத்தனை நேரம் நின்றிருப்பாரோ.

அந்தக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்துதான் அக்கா வார்டுக் கதைகளை எடுத்துவிட்டார். முதல் நாள் டூட்டி. படுக்கையில் இருந்த பெரியவர் அக்காவைப் பார்த்து, "நௌ தென்" என்றார். அக்காவுக்கு அது ஒரு வாக்கியத்தின் ஆரம்பம். அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று பேனாவும் கையுமாகக் காத்து நிற்கிறார். அவரும் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி. யார்க்ஷயரில் நௌ தென் என்றால் வணக்கம், அவ்வளவுதான்! பதிலுக்கு அக்காவும் நௌ தென் சொல்ல வேண்டும்.

இன்னொரு தாத்தா, தொண்ணூறை நெருங்கியவர், சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் 'ஸ்பைஸ்' கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். குமரி நர்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உப்புச் சப்பில்லாத ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு மனுஷனாவது மசாலா கேட்கிறாரே என்று தன் சாப்பாட்டுப் பையிலிருந்து மிளகுப் பொடியை எடுத்துக் காட்டியிருக்கிறார். தாத்தா அதைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாராம். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு ஸ்பைஸ் என்றால் மிட்டாய்.

சிரித்து முடிப்பதற்குள் ஜென்னல் கதை. வீடு தேடிப் போனபோது வழி கேட்டால் ஒருவர், ஜென்னல் வழியாகப் போ என்றாராம். அக்காவின் காதில் விழுந்தது ஜன்னல். ஷெஃபீல்டில் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் போகும் சந்துக்கு ஜென்னல் என்று பெயர். நம் ஜன்னல் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கியது, இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனாலும் ஒரு நர்ஸ் தெருவில் நின்றுகொண்டு அடுத்தவர் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்த காட்சியை நினைத்து நினைத்து, கோட்டைக்குள் மான் பார்க்க வந்த குடும்பம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

முட்டம் போகலாம் என்று பைக்கில் கிளம்பினோம். வழியில் திங்கள்நகர். அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, மண்டே மார்க்கெட்தான். சந்தைக்குப் பேர் வைத்தது தமிழ், அதை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழ் வாயில் போட்டு மென்று 'மண்டமார்க்கெட்' ஆக்கியாயிற்று. தற்செயலாக நாங்கள் போனதும் திங்கட்கிழமை.

முட்டத்தில் பாறைமேல் அலை அடித்துச் சிதறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வேறு வேலை வேண்டாம். கரையில் பெரும்பாலும் ஃபைபர் வள்ளங்கள்தான். ஓரமாக ஒரு கட்டுமரம், கட்டு அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டிருந்தார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கட்டுமரம் என்கிற சொல் இங்கிலீஷில் இருக்கிறது, 1697-இல் அச்சான வில்லியம் டாம்பியரின் கடல்பயணக் குறிப்பிலேயே வந்துவிட்டது, ஆனால் இப்போது கட்டமரான் என்றால் அவர்களுக்கு இரண்டு உடம்பு வைத்த படகு என்று சொன்னேன். அவர் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "ரெண்டு வள்ளத்த சேத்து வச்சா அது எப்படித் தம்பி கட்டுமரமாவும்? மரமும் இல்ல, கட்டும் இல்ல" என்றார். நியாயம்தானே.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்கிற வியாதி உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சண்டைக்காரப் பொம்பிளையைக் கட்டமரான் என்று திட்டுவார்கள் என்றும் சொன்னேன். பின்னாலிருந்து குரல், "யாருடே அது அப்பிடிச் சொன்னது? இங்க வரச் சொல்லு." அவர் வீட்டுக்காரம்மா, மீன் கூடையோடு. நாங்கள் இரண்டு கிலோ சாளை வாங்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்தோம்.

பொதுவாகப் புத்தகத்தில் சொல் வேர் தேடுகிறவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு, அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். யாராவது திடுக்கிட்டால் 'டேக்கன் அபேக்' என்கிறார்கள் அல்லவா, அது பாய்க்கப்பல் பேச்சு, காற்று எதிர்ப்பக்கமாகப் பாயில் அடித்துக் கப்பலைப் பின்னுக்குத் தள்ளுவது. முட்டத்துக்காரருக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும், என் பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு ஸ்லைடு போடுகிறேன்.

சாயங்காலம் இடி மழை. கரண்ட் இல்லை. அம்மா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பெரிய சக்கையை வெட்டினார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து சுளை சுளையாகத் தின்றோம். பலாப்பழத்துக்கு இங்கே சக்கைதான், எங்கள் ஊரில் சக்கை என்றால் சாறு பிழிந்த பிறகு தூக்கி எறிவது. இந்தப் பக்கத்துச் சக்கையைப் போர்த்துக்கீசியர் 'ஜாக்கா' என்று எடுத்துக்கொண்டு போக, அது ஆங்கிலத்தில் ஜாக் ஆகி, ஜாக்ஃப்ரூட் ஆகியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்பிடியா, பிசின் போவ அவங்க என்ன தேய்ப்பாங்க?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

இன்றைக்கு ஊர் சுற்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரு தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்ததைத் தவிர. கீழே பறளியாறு, கைப்பிடிச் சுவரைப் பிடித்த கையை நான் கடைசி வரை எடுக்கவில்லை.

மத்தியானம் மார்த்தாண்டத்தில் நண்பனின் சித்தி வீடு. சித்தி மகள் நர்ஸிங் முடித்துவிட்டு ஓ.இ.டி. பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். வெளிநாட்டில் வேலை பார்க்க ஆஸ்பத்திரிப் பணியாளர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சை அது. பேச்சுப் பகுதியில் எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார், இவள் நர்ஸாகப் பேச வேண்டும், ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு தடவை. மார்த்தாண்டத்தில் தெருவுக்குத் தெரு இதற்கும் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கும் ஜெர்மனுக்கும் போர்டு தொங்குகிறது. தங்கச்சி சொற்களைப் பெரிய பெரிய நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், எல்லாம் நோய்ப் பெயர்களும் மருந்துப் பெயர்களும்.

அக்கா சோபாவில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, யார்க்ஷயர் கிழவியாக மாறினார். "நௌ தென் லவ். ஐம் பேட்லி." தங்கச்சி முழித்தாள். பேட்லி, சரி, எது பேட்லி? அந்த ஊரில் அதுவே முழு வாக்கியம், உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அக்கா நிறுத்தவில்லை, "ஐ வர் அப் வைல் த்ரீ. ஐம் ரைட் ஜிகர்ட்." வைல் என்றால் நமக்குப் 'போது', அங்கே வரைக்கும். மூணு மணி வரை தூங்கவில்லை. ரைட் என்றால் ரொம்ப. ஜிகர்ட் என்றால் அடித்துப்போட்ட மாதிரி களைப்பு. ஆளில்லா ரயில்வே கேட்டில் 'விளக்கு எரியும் வைல் காத்திரு' என்று எழுதி வைத்திருந்ததை யார்க்ஷயர்காரர் ஒருவர் விளக்கு எரியும் வரை காத்திருந்து, எரிந்ததும் கிளம்பினார் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்களாம். கதையாகவே இருக்கட்டும், ஆனால் ஏன் அப்படி ஒரு கதை பிறந்தது என்று புரிகிறது.

தங்கச்சி நோட்டைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். ஜிகர்ட் எந்த நோட்டிலும் இல்லை. கடைசியில் மெதுவாக, மன்னிக்கணும், நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை, இன்னொரு தடவை வேறு மாதிரி சொல்வீர்களா, என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "இன்னா, இதுதான் மக்ளே மார்க்கு" என்றார். அந்தப் பரீட்சையில் இலக்கணத்துக்கு மட்டுமல்ல, நோயாளியிடம் எப்படிக் கேட்டு வாங்குகிறோம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. தலையாட்டிவிட்டுப் புரிந்த மாதிரி எழுதிக்கொண்டு போகிறவள்தான் ஆபத்து.

அக்கா இங்கே படித்த காலத்தில் ஒன்று நடந்ததாம். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். சென்னையிலிருந்து வந்த இளம் டாக்டர். ஒரு பாட்டி, "மேலு முழுக்க ஒரே கடுப்பு டாக்டரே" என்கிறார். மேலு என்றால் உடம்பு, கடுப்பு என்றால் வலி. டாக்டர் பாவம், ரொம்ப அனுசரணையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் மேல பாட்டி கடுப்பு? மருமகளா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டியும், மருமகள் என்றதும் வந்த வலியை மறந்துவிட்டு அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு ஒன்று தொண்டையில் நின்றது. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஈரோட்டுப் பெண் ஒருத்தி. அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து ஒரு அம்மா போனில். கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று இவள் கேட்கிறாள், அந்த அம்மா, "ஐ டோண்ட் கேர் டூ" என்கிறார். இவள் தேங்க்யூ சொல்லிவிட்டு லைனைக் காத்திருப்பில் போட்டாள். பதிவைக் கேட்டுவிட்டு நான் மார்க்கில் பாதியை வெட்டினேன். வாடிக்கையாளர் மாட்டேன் என்று சொன்ன பிறகும் காத்திருக்க வைத்தது பெரிய தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "இல்ல சார், அவங்க நல்லாத்தான் பேசினாங்க, கோபமே இல்லை" என்றாள். நான் விடவில்லை. அப்பலேச்சிய மலைப் பக்கத்தில் டோண்ட் கேர் டூ என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, தாராளமாக, என்று அர்த்தம் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் வேலையை விட்டுவிட்டாள். அவள் காது கேட்டதை என் புத்தகம் கேட்கவில்லை. இதே நான்தான், தெற்கத்தி அமெரிக்கர் ஒருவர் "ப்ளெஸ் யுவர் ஹார்ட்" என்று சொன்ன பதிவுக்கு 'வாடிக்கையாளர் வாழ்த்தினார்' என்று முழு மார்க் போட்டவன். அந்தப் பக்கம் அது பல நேரம், அடப் பாவமே, உனக்கு மூளை அவ்வளவுதான், என்பதன் மரியாதையான வடிவம்.

பெரிய சொற்களில் யாரும் வழுக்கி விழுவதில்லை. தெரியாத சொல் என்றால் அகராதியைத் திறப்போம். நௌ, டீ, வைல், கேர், ரைட் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்ட சொற்கள்தான் காலை வாருகின்றன, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் கேட்பதே இல்லை. ஸ்டேஷன் வாசலில் நான் நின்ற மாதிரி.

ராத்திரி அக்காவிடம் என் 'சொல்லக் கூடாதவை' பட்டியலைக் காட்டினேன். கோ-பிரதரைப் பார்த்துவிட்டு, "அப்போ சகலைய என்னன்னு சொல்ல? மனைவியோட அக்காவோட புருஷன்னு மூச்சு வாங்கச் சொல்லணுமா?" என்று கேட்டார். டூ த நீட்ஃபுல், அதாவது ஆவன செய்க, விஷயத்தில் இன்னும் அவமானம், அது நம் குமாஸ்தாக்கள் கண்டுபிடித்தது இல்லை, ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே கடிதத்தில் எழுதியது, அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். தப்பு என்று யார் தலையில் கட்டியது? நான்தான், வருடத்துக்கு நாற்பது வகுப்பில்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை

கன்னியாகுமரிக்கு நான் மட்டும் பஸ்ஸில். சூரிய உதயத்தை மேகம் தின்றுவிட்டது. விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசை நீளம், வெயில், ஆனால் அங்கிருந்து வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தில் நடந்தது நன்றாக இருந்தது, காலுக்குக் கீழே கடல், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. பக்கத்தில் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரைக் கடைக்காரப் பையன் விடாமல் துரத்தி, சிப்பி மாலைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கையை ஆட்டி, "நோ, யூ ஆர் ஆல்ரைட் மேட்" என்றார். பையன் முகம் மலர்ந்து இன்னும் இரண்டு மாலையை எடுத்துத் தோளில் போட்டான். ஆல்ரைட் என்றால் சரி என்றுதானே நமக்குப் பாடம். எனக்கு வேண்டாம் என்பதை அந்த மனுஷன் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். போய் விளக்கலாமா என்று நினைத்தேன், பையன் ஒரு மாலையை விற்றே விட்டான். என் உதவி தேவைப்படவில்லை.

சாயங்காலம் நண்பன் என் பையோடு கன்னியாகுமரிக்கு வந்து, அங்கிருந்து பைக்கில் நாகர்கோவில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். "இன்னா வந்துட்டேன் மக்கா" என்றான். நான் அங்கே நிற்கவில்லை. "நேரா ஸ்டேஷனுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஸ்டேஷனில் ஒரு ரசவடை, ஒரு சாயா, அரை மணி நேரம் வேடிக்கை, அதன் பிறகு வந்தான், என் பையும் நேந்திரங்காய் சிப்ஸும் ஒரு பொதி சக்கைச்சுளையுமாக. "நான்தான் இன்னா வாறேன்னு சொன்னேன்லா, எதுக்குலே தனியா வந்த?" என்று கோபித்துக்கொண்டான். அதனால்தான் வந்தேன் என்று சொல்லவில்லை.

காலையில் கோவை. வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பியைக் கையில் எடுத்து இரண்டு வாய் குடித்திருப்பேன், நண்பனின் அம்மா போனில். "நல்லபடியா போய்ச் சேந்தியளா தம்பி? காப்பி குடிச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்கம்மா" என்றேன். "இட்லி வெந்துட்டிருக்குதுங்க."